காற்று இறங்காத பட்டம்

காலையில் பம்ப் அடித்து வைத்த கடல் சவாரிப் பட்டம் சாயங்காலத்துக்குள் கொஞ்சமாவது தொய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பட்டமானாலும் நாள் முழுக்கக் கிடந்தால், சுண்டும்போது சத்தம் மந்தமாகத்தான் வரும். பட்டறைத் தரையில் சுவருக்குச் சுவர் வளைந்து கிடந்ததை அவள் குனிந்து சுண்டினாள். டங் என்றது. காலையில் இருந்ததைவிட இறுக்கம். பம்ப் அவள் மாட்டிய ஆணியிலேயே தொங்கியது.

பெரிய துணிப் பட்டத்தை இடுப்பில் பூட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று, காற்று இழுத்த இழுப்புக்குக் கடலில் ஓடுகிறவர்களின் சாமான்களைக் கழுவித் தைத்து ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். அந்தச் சவாரியைச் சொல்லிக்கொடுப்பது தம்பியின் தொழில். உப்பும் மணலுமாக எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் திணித்து அவள் உயிரை வாங்குவதும் அவன் தொழில்தான். இந்தப் பட்டத்தையும் அவன்தான் கொண்டுவந்தான். நடுக்கடலில் மிதந்ததை ஒரு படகுக்காரர் இழுத்து வந்தாராம். கயிறுகளின் நுனியில் இடுப்புப் பட்டை இருந்தது, கொக்கி பூட்டியபடியே. உள்ளே ஆள் இல்லை. எடுத்த இடத்திலேயே கொடுத்துவிட்டு வா என்று அவள் சண்டை போட்டாள். ஓசியில் வந்ததை விடுகிற ஆளா அவன்? நாளைக்கே இதில்தான் கடலுக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

நல்ல தண்ணீரில் அலசினாள். தண்ணீர் மாற்றி மறுபடி அலசினாள். தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கரித்தது. போய்த்தொலை என்று விட்டுவிட்டாள்.

பட்டத்தின் முன்விளிம்பில் ஓடும் துணிக்குழாய்க்குள் மெல்லிய காற்றுப்பை ஒன்று இருக்கும். அதில் வால்வு ஒட்டியிருந்த இடம் பிய்ந்திருந்தது. பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, காயவைத்திருந்தாள். இன்று காலையில் சோதித்துப் பார்க்க அவள் பம்ப்பை எடுத்து வருவதற்குள், தம்பி வால்வில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தான்.

“வாய் வச்சு ஊதாதேன்னு எத்தனை தடவை சொல்றது? ஈரம் உள்ள போனா பசை விட்டுடும்.”

“என் மூச்சு என்ன விஷமா?” என்றான். பிறகு உதட்டைத் துடைத்து, ஒரே உப்பு என்று முகம் சுளித்தான். மீதியை அவள் பம்ப் அடித்து நிரப்பி மூடினாள். தலை கிறுகிறுக்கிறது என்று படுக்கப் போனவன் இன்னும் எழவில்லை. வீட்டில் ஒரு வாய் குறைந்தது என்று அவளும் எழுப்பவில்லை.

இப்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வெளியே இலை அசையாத புழுக்கம். பட்டறைக்குள் பசை நெடியோடும் ஈரத்துணி வாடையோடும் இன்னொரு வாடையும் கலந்திருந்தது, தண்ணீர் வற்றிய பாறை இடுக்கில் வருமே, அந்த வாடை. சுவருக்கு அப்பால் தம்பியின் குறட்டை பழைய படகு எஞ்சின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இங்கே குழாய்த்துணி மெல்ல முறுகியது. முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை. குறட்டை இறங்கியது. துணி முறுகியது. தையலில் ஒரு நூல் தெறித்தது.

இன்னும் இறுகினால் வெடித்துவிடும். அவள் வால்வு மூடியைப் பிடுங்கினாள்.

முகத்தில் அடித்த காற்று சூடாக இருந்தது. புதினா மிட்டாய் வாசனை. தம்பி எந்நேரமும் வாயில் அடக்கி வைத்திருக்கும் மிட்டாய். காற்று சீறி இறங்க இறங்க, குறட்டை மெலிந்தது. பிறகு நின்றது. அப்பாடா என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உடனே பயந்தாள்.

ஓடினாள்.

அவன் மல்லாந்து கிடந்தான். கன்னம் குழிந்திருந்தது. நெஞ்சு உள்ளே ஒட்டிப்போயிருந்தது. உதட்டைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். மூச்சில்லை.

திரும்பி ஓடினாள். பம்ப்பைப் பிடுங்கி வால்வில் செருகினாள். அடித்தாள். சுவருக்கு அப்பால் ஓர் இழுப்பு. மறுபடி அடித்தாள். மறுபடி இழுப்பு.

“அக்கா.” குரல் கிழிந்து வந்தது. “நிறுத்தாதே.”

அவள் நிறுத்தவில்லை. தோள் எரிந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது அவன் பேச்சைக் கேட்கிறோமே என்று அழுதுகொண்டே அடித்தாள். போன் அவன் தலைமாட்டில் இருந்தது. போக முடியாது.

வால்வின் அடியில் ஸ்ஸ் என்றது.

ஈரம். பசை விடுகிறது.

இரண்டு கைகளாலும் வால்வைச் சுற்றி அழுத்தினாள். சத்தம் நின்றது. இழுப்பும் நின்றது. கையை எடுத்தால் காற்று போகும். எடுக்காவிட்டால் பம்ப் அடிக்க முடியாது.

“தம்பி.”



பல்லால் பம்ப் குழாயைப் பிடுங்கித் துப்பினாள். குனிந்தாள். வால்வில் வாயை வைத்தாள். உப்பு. ஊதினாள்.

சுவருக்கு அப்பால் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. மறுபடி ஊதினாள். குறட்டை மெல்லக் கிளம்பியது. அவளுக்குக் கண்ணீர் முட்டியது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று ஊதுவதை நிறுத்தினாள்.

உதடு வால்வை விட்டு வரவில்லை.

அவள் ஊதவில்லை. ஆனாலும் மூச்சு போய்க்கொண்டிருந்தது. உள்ளிருந்து இழுபட்டு, நிதானமாக. கைக்கடியில் குழாய் இறுகியது. பக்கத்து அறையில் தம்பி நன்றாகக் குறட்டை விட்டான்.