மகள் ஊர் சர்வர்

கடவுச்சொல்லை அடித்தாள். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"டேய், எழுத்தே வரலடா."

"லினக்ஸ்ல அப்படித்தான்க்கா," என்றான் தம்பி, போனில். "நீ அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ள போயிட்டுதான் இருக்கும். என்டர் தட்டு."

தட்டினாள். வேலைக்காலம் முழுக்க நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவள். யார் சொன்னாலும் அடிப்பாள். எதை அடிக்கிறோம் என்று படிக்கமாட்டாள். படித்திருந்தால் அந்த வேலையில் ராத்திரித் தூக்கம் வந்திருக்காது. கம்ப்யூட்டர் அவள் கணவருடையது. அவர் போய் மூன்று மாதம் ஆகிறது, அவள் இன்னும் அழவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் வாய் மரத்துக் கிடக்குமே, அப்படிக் கிடந்தது மனசு.

இந்த ஊரில் முகம் பார்த்துப் பேசும் அழைப்புகளை அரசாங்கம் முடக்கிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகள் குட்டிக்கோ கர்ப்பத்தில் இது எட்டாவது மாதம். வெறும் போனில் 'ம்', 'சரி' தவிர இவளுக்கு வார்த்தை வருவதில்லை. போன வாரம் மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தாள்: "சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கும்மா. இனிமே நான் கூப்பிடமாட்டேன்." முகத்தைப் பார்த்தாலாவது ஏதாவது வரும் என்றுதான், வேறு ஊர் வழியாகச் சுற்றிப்போய் முடக்கத்தைத் தாண்டும் இந்த வி.பி.என். கூத்தெல்லாம்.

"காசு கேக்காத சர்வர்க்கா. குட்டி இருக்கிற ஊரே பட்டியல்ல இருக்கு, அதையே போடு. நடுவுல ஏதாவது கேட்டா சரின்னு 'ஒய்' அடிச்சிடு."

கேட்டது. நீளமாகத்தான் கேட்டது. அவள் 'ஒய்' அடித்தாள்.

இணைந்துவிட்டதாக ஒரு வரி வந்தது. அதே நேரம் தம்பியின் குரல் பாதியில் அறுந்தது. முதலில் சமையலறையில் பிரிட்ஜின் முனகல் அடங்கியது, பிறகு மாடி வீட்டுக் குழாயிலிருந்து இறங்கும் தண்ணீர்ச் சத்தம், பிறகு கம்ப்யூட்டர் சூடானால் கிளம்பும் அந்தத் தூசி வாசனை, கடைசியில் மழையும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. காது அடைத்திருக்கும் என்று நினைத்தாள். காபியை எடுத்துக் குடித்தாள். சூடும் இல்லை, கசப்பும் இல்லை. மூன்று மாதமாக எல்லாமே இப்படித்தானே என்று பயப்படாமல் இருந்தாள்.

அழைப்பு தானாகவே திறந்தது.

மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வீட்டில் கேட்ட ஒரே சத்தம் அவள் குரல்தான்.

"அப்பா போனதுலேர்ந்து இப்பதாம்மா நீ அழறே. அழு. நல்லா அழு."

அழுகிறேனா? கன்னத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது. திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் இவள் அறை, இவள் நாற்காலி, இவளுடைய பச்சை ஸ்வெட்டர். அதில் இருந்தவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"உன் பக்கத்துலயே இருக்கணும் போல இருக்குடி," என்றது அந்த முகம், இவள் குரலில். மூன்று மாதமாக இவள் தொண்டையில் சிக்கியிருந்த அதே வார்த்தைகள்.

திரையில் கடவுச்சொல் அடித்த கறுப்புக் கட்டத்துக்குப் போய், அந்த நீளமான கேள்வியை முதல்முறையாகப் படித்தாள். இது இலவசச் சேவை. பதிலுக்கு, உங்கள் இணைப்பில் இன்னொருவர் உங்கள் பெயரில் போய்வரலாம். சம்மதமா? கீழே அவள் அடித்த ஒற்றை எழுத்து.

துண்டித்துவிடப் பார்த்தாள். கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி அடித்தாள். உள்ளே போகிறதா என்றும் தெரியவில்லை.

"குட்டி!"

தொண்டை அசைந்தது. அவ்வளவுதான்.

மகள் வீட்டில் அழைப்புமணி அடித்தது. "இரும்மா, யாரோ வந்திருக்காங்க." இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

மூலைச் சதுரத்தில் நாற்காலி காலி.

இவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

போகாதே. திறக்காதே. மூன்று மாதமாக மரத்துக் கிடந்த அத்தனையும் ஒரே நொடியில் உடைந்து நெஞ்சை அடைத்தது. பயம், பாசம், அவர் செத்துப்போனது, எல்லாம். அழுகை வந்தது. கன்னம் நனையவில்லை.

"அம்மா! சொல்லாம கொள்ளாம எப்படிம்மா வந்தே?"

பச்சை ஸ்வெட்டர். மழையில் சொட்டச் சொட்ட. மகள் அதைக் கட்டிக்கொண்டாள். அது மகளின் வயிற்றில் கையை வைத்தது. தடவியது. தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தது. நடந்து வந்தது. கையை நீட்டி, மகளின் மடிக்கணினியை மூடியது.

திரை இருண்டது. கறுப்புக் கண்ணாடியில் அறை தெரிந்தது. ஜன்னல். மழை. காலி நாற்காலி.

கீழே, கீபோர்டில், விரல் எதுவும் இல்லாமல் கடவுச்சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்துகொண்டிருந்தன.