பொதுச்சுவர்க் கிணறு

கடைசியாக வந்த பயணிகளுக்கு முன்னால் லெயாந்திரோ வித்தை காட்டியிருக்க வேண்டாம். உயரத்துப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நாணல் கழியைத் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றினான். நுனியில் கட்டியிருந்த தகர டப்பா பிய்த்துக்கொண்டு போய்க் கிணற்றில் விழுந்தது. பயணிகள் கைதட்டினார்கள். ஸ்பெயினின் கோர்தோபாவில், பூத்த வீட்டு முற்றங்களை ஊருக்குத் திறந்துவிடும் முற்றத் திருவிழாவில் எதற்கும் கைதட்டுவார்கள்.

மதியம் தெருக்கதவைச் சாத்தினான். வெயிலுக்குப் பயந்து ஊரே படுத்துவிட்டது. சாயங்காலம் சிறந்த முற்றத்துக்குப் பரிசு தரும் நடுவர்கள் வருவார்கள். வரட்டும். மாடியில் மனைவி ஃபுயென்சாந்தா தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்திருக்கிறாள். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவன் சொந்த வீட்டில் திருடனைப் போல நடந்துகொண்டிருந்தான்.

கிணறு அரபு அரசர்கள் காலத்தது. பாதி இங்கே, பாதி பக்கத்து கசில்தா வீட்டில். நடுவில் வளைவாக எழும்பி நிற்கும் பொதுச்சுவர். ஒரு பக்கம் விழுந்ததை மறுபக்கத்துக்காரர் கொக்கி போட்டு எடுத்து வளைவுக்கு அடியில் நீட்டுவது அந்தத் தெருவின் பழைய வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தான்; அவனுக்கு இதுதான் முதல் முறை. அவன் குனிந்து, கிசுகிசுப்பாகக் கசில்தாவிடம் உதவி கேட்டான்.

உள்ளே ஏதோ கல்லில் உராய்ந்தது. மூடிக் கிடந்த பானையைத் திறந்தாற்போல ஒரு வாடை, மல்லிகையையும் மீறி மேலே வந்தது. பிறகு, வளைவின் இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு டப்பாவை விளிம்பில் வைத்தது. ஊறி வெளுத்த கை.

"கசில்தா, குழம்புக்கு நத்தைய எத்தன தண்ணில கழுவுற? கை இப்படி ஊறிப்போச்சே."

வளைவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "இங்க குளிருது. அந்தப் பக்கம் வரட்டுமா?"

காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதையே வாய் தானாகச் சொன்னது: "வாயேன், இது உன் வீடு."

தெருக்கதவு தட்டப்பட்டது. திறந்தான். நத்தைக் குழம்புச் சட்டியோடு கசில்தா.

"என்னப்பா, நடுவருங்க இப்பவே தோக்கடிச்சுட்டாங்களா? மூஞ்சி செத்துக் கெடக்கு."

உன் வீட்டில் யார் என்று கேட்டான். கட்டிலுக்கு அடியில் காதலனை ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கிணற்றுப் பக்கம் யார் என்று மறுபடி கேட்டான். அவன் முகத்தைப் பார்த்து அவள் கேலியை விட்டாள். தங்கள் பக்கத்துக் கிணற்றை அப்பா காலத்திலேயே செங்கல் வைத்து அடைத்துவிட்டதாகச் சொன்னாள்.

அவன் திரும்பினான்.

கிணற்றிலிருந்து ஈரத் தடம். கூழாங்கல் தரையில். படிக்கட்டு வரை. படிக்கட்டிலும்.

ஓடினான். அதே வாடை. மாடி அறைக் கதவு திறந்திருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. கட்டிலில், முதுகு காட்டி, ஃபுயென்சாந்தாவின் இரவு உடை. மெத்தை நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தலைமுடியிலிருந்தும்.

சொட்டு.

சொட்டு.

வாசற்படியைத் தாண்டாமல் கேட்டான்:

"அவ எங்க?"

அது திரும்பவில்லை. அவன் மனைவியின் குரலில், தூக்கக் கலக்கத்தோடு சொன்னது:

"கீழ. என் இடத்துல."