லில்லியைப் பார்த்துச் சிரித்தவர்கள்

டிவியை அணைத்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. ஒரு கணம்தான். கொட்டகை நிறைய ஆட்கள் சிரித்து அடங்க, கடைசியில் ஒருவன் மட்டும் தாமதமாகப் புரிந்துகொண்டவன் போல 'ஹெக்' என்று இழுத்துவிட்டு ஓய்ந்தான். புவனேஸ்வரி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி கறுத்த திரையைப் பார்த்தாள். அதில் அவளுடைய கூடமும் பிளாஸ்டிக் நாற்காலியும் நைட்டி போட்ட அவளும் மங்கலாகத் தெரிந்தன. நெட் இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கன்னிவாடி வீட்டில், எண்ணெய் வடியும் தலையோடு அவளும் தம்பி விக்னேஷ்குமாரும் வாய் பிளந்து பார்த்த 'பேயார் பங்களா' கார்ட்டூனின் சிரிப்பு அது. லில்லி என்ற குண்டுப்பெண் பாழடைந்த பங்களா ஒன்றில் தனியாகக் குடியேறுவாள். அங்கிருக்கும் பேய்கள் அவளை விரட்டப் பார்த்துத் தோற்றுப்போகும். எந்தத் தேசத்திலோ வரைந்த பேய்களுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர்கள் மதுரைப் பக்கத்து ஆட்கள் போலிருக்கிறது. "செத்த நேரம் பொறு தாயி, தலைய எங்கேயோ வச்சுப்புட்டேன், எடுத்துட்டு வாரேன்" என்று ஒரு முண்டம் கழுத்தைத் தடவிக்கொண்டு சொல்லும்போது தம்பி தரையில் உருண்டு சிரிப்பான்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமும் கூடவே சிரிக்கும். பேய் லில்லியின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது மட்டும் கூட்டம் சிரிக்காது. 'ஹா' என்று எல்லோரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுப்பார்கள். அப்போதும் லில்லி திரும்ப மாட்டாள். "திரும்புடி, பின்னாடி பாருடி" என்று அக்காளும் தம்பியும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

மத்தியானம் திருப்பூரிலிருந்து தம்பி பேசியிருந்தான்.

"அக்கா, பேயார் பங்களா கெடச்சிருச்சு. தமிழ்லயே இருக்கு. யாரோ பழைய கேசட்ல இருந்து எடுத்துப் போட்டிருக்காங்க."

"அந்த லேட்டாச் சிரிக்கிற ஆளு இருக்கானாடா?"

"இருக்கான்க்கா. அப்படியே இருக்கான்."

வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்த பிறகுதான், இந்த வீட்டில் தன் சிரிப்புச் சத்தம் கேட்பதே முதல் தடவை என்று உறைத்தது.

வடமதுரை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மனை பிரித்துக் கல் நட்டும் வேறு யாரும் வீடு கட்டாத இடம் அது. பக்கத்தில் சிவனம்மாளின் சம்பங்கித் தோட்டம் மட்டும்தான். ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் புவனேஸ்வரி கட்டிய வீடு. புருஷன் பெருமாள்சாமியை விட்டு விலகி வந்த அன்று அவன் வாசற்படியில் சாய்ந்துகொண்டு, "ஒத்தப் பொம்பள அந்தப் பொட்டல்ல எம்புட்டு நாளைக்கு இருந்துருவ? நீயாப் பயந்துக்கிட்டு ஓடியாருவ பாரு" என்றான். மறுவாரமே அவள் வீட்டு கேட்டில் தன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அடுக்களையில் சோற்றை இறக்கி வைக்கும்போது தட்டுமூடி கை நழுவி விழுந்து, அறை முழுக்கச் சுற்றி, சிணுங்கி, சிணுங்கி, அவள் காலடிக்கே வந்து படுத்தது.

சிரித்தார்கள்.

சன்னலுக்கு வெளியிலிருந்து, சம்பங்கி வாசனையோடு சேர்ந்து, நிறையப் பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். நடுவில் ஒரு பொம்பளை இருமினாள். எல்லாம் அடங்கிய பிறகு 'ஹெக்'.

புவனேஸ்வரி கூடத்துக்குப் போய் டிவி வயரையே பிடுங்கினாள். கைபேசியை எடுத்து சிவனம்மாளைக் கூப்பிட்டாள்.

"யக்கா, உங்க வீட்ல டிவி ஓடுதா?"

"எங்க டிவி இடி விழுந்து மாசமாச்சே தாயி. ஏன், என்னத்தையாச்சும் கேட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா."

சிவனம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒத்தையிலதான இருக்க. வேணும்னா இங்கிட்டு வந்து படுத்துக்க. நான் ஆள அனுப்புறேன்."

"வேணாம்க்கா. எங்க வீட்டுலதான் இருப்பேன்."

போனை வைத்தாள். தோட்டத்துப் பக்கம் யாரோ ரசித்துத் தலையாட்டுவதுபோல ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அவள் பேச்சு அவர்களுக்குப் பிடித்திருந்தது.

சோறும் கீரையும் போட்டுக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்த சன்னலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சன்னலில் திரை தொங்கியது. முதுகுக்குப் பின்னால் படுக்கையறை வாசல் இருட்டாகத் திறந்து கிடந்தது. முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது திரைக்கு அப்பாலிருந்து அது வந்தது.

'ஹா.'

அவள் கை நின்றது. ஆனால் அவள் லில்லி இல்லை. நாற்காலியோடு சேர்ந்து விசுக்கென்று திரும்பினாள். படுக்கையறை வாசல். கட்டிலின் ஓரம். கொடியில் காயும் துண்டு. அவ்வளவுதான். கூட்டம் மூச்சை விட்டது. சிலர் கைதட்டினார்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் புவனேஸ்வரி சத்தமாக. "யாரு வீட்டுக்கு வந்து யாரப் பயமுறுத்துறீங்க? ஒவ்வொரு செங்கல்லும் என் காசு."

சிரித்தார்கள். கேலியாக இல்லை. ஆசையாகச் சிரித்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் லில்லியைப் பார்த்துச் சிரித்ததுபோலவே. அதுதான் அவளை முதல் தடவையாகப் பயமுறுத்தியது. பெருமாள்சாமி திட்டியபோதுகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. திட்டுகிறவனை எதிர்த்து நிற்கலாம். தன் கோபத்தையே வேடிக்கையாக்கி ரசிப்பவர்களை என்ன செய்வது?

சரி, வேடிக்கை காட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். மறுபடி சன்னல் பக்கம் திரும்பி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். முகத்தை வெறுமையாக்கிக்கொண்டாள். ஒரு கவளம். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு கவளம். தோட்டம் அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு செருமல். யாரோ இடம் மாற்றி உட்காரும் சரசரப்பு. ஒரு கொட்டாவி. அலுப்புத் தட்டுகிறது அவர்களுக்கு. அவளுக்குள் ஒரு கொடூரமான சந்தோஷம் எழுந்தது. எழுந்து போவார்கள். இன்னும் கொஞ்சம். தட்டை வழித்து நக்கினாள். விரலைக்கூட நிதானமாகத்தான் நக்கினாள்.

'ஹா.'

இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. பெரிதாக இல்லை. சின்னதாக, தன்னை மறந்து வந்த மூச்சு. அவள் காத்திருந்தாள். மூச்சு வெளியே வரவில்லை.

இன்னும் வரவில்லை.

வெளியே பூச்சிகளும் ஓய்ந்திருந்தன. சம்பங்கி வாசனைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. ஈரத் துணியை மூட்டையிலேயே மறந்துவிட்ட வாடை. அது சன்னலிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவள் திருப்பவில்லை. திரும்பினால் கைதட்டுவார்கள். திரும்பாவிட்டாலும் ரசிப்பார்கள். எதைச் செய்தாலும் அவர்கள் கணக்கில்தான் சேரும். அப்போதுதான் தோன்றியது: இத்தனை நேரமும் அவர்கள் பார்க்கச் சொன்ன பக்கத்தைப் பற்றியே நினைத்திருக்கிறாள். அவர்களை அவள் பார்க்கவே இல்லை.

தட்டைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். சன்னலை நோக்கி நடந்தாள். எச்சில் கையாலேயே திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வாசல் விளக்கின் வெளிச்சம் எட்டும் மட்டும் இருந்தார்கள். சம்பங்கிப் பாத்திகளுக்கு நடுவில், வரிசை வரிசையாக, மண்ணில் சம்மணம் போட்டு. பொம்பளைகள், ஆம்பளைகள், மடியில் பிள்ளைகள். வெளிச்சத்துக்கு அப்பாலும் தலைகள். சாதாரண முகங்கள். பஸ்ஸில் பார்க்கிற முகங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பல பேர் உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

அத்தனை கண்களும் அவள் தலைக்கு மேலே, வெகு உயரத்தில், ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றன. கூரை தொடும் உயரம். முன்வரிசையில் ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணை மூடினாள்.

ஈர வாடை நெருங்கியது.

புவனேஸ்வரி சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பாருங்க," என்றாள். குரல் உடையவில்லை. "நல்லாப் பாருங்க. நான் இங்கேருந்து போக மாட்டேன்."

தோட்டம் அசையவில்லை. பிறகு, வரிசை வரிசையாக, அத்தனை கண்களும் மெல்லக் கீழே இறங்கின. கூரையிலிருந்து சன்னல் மேல்சட்டத்துக்கு. சட்டத்திலிருந்து அவள் உச்சந்தலைக்கு. ஏதோ ஒன்று நிதானமாகக் குனிவதைப் பார்ப்பவர்கள் போல. காதுக்கு. கழுத்துக்கு.

அங்கே வந்து நின்றன.