ஆடு தின்ற மருதங்கன்றுகள்

காலை ஏழு மணி. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, குளிர்பானக் கம்பெனி ஆற்றங்கரையில் நட்டிருந்த மருதங்கன்றுகளில் ஒன்றைக்கூடக் காணோம். ‘ஆறு தந்ததை ஆற்றுக்கே தருகிறோம்’ என்ற பச்சைப் பலகை மட்டும் பத்திரமாக நின்றது. நல்லவேளை, பலகையை எந்த ஆடும் தின்பதில்லை.

ஆடுதான் தின்றது என்று புகார். கம்பெனி மேலாளர் ஸ்ரீகுமார் கை காட்டியது ஆடு மேய்க்கும் இசக்கித்தாயை. அவளுடைய வெள்ளாடுகளை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கட்டியாகிவிட்டது. நஷ்டஈடு கேட்டால் ஆடுகளை விற்பதைத் தவிர அவளுக்கு வழியில்லை.

“ராத்திரி பூரா பட்டியிலதாம்மா கெடந்துச்சுவ. அதுவளும் போச்சுன்னா நான் எதை வச்சுப் பொழைக்க?” என்று அழுதாள்.

இன்ஸ்பெக்டர் முஃபீதா பைய நடந்தார். களிமண் சேறு பூட்ஸை இழுத்தது. எங்கு பார்த்தாலும் ஆட்டுப் புழுக்கை. ஒன்றை எடுத்து நசுக்கினார், தூளாக உதிர்ந்தது. கன்று நின்ற இடம் ஒன்றைக் கிளறினார். வேர்த்துணுக்குகூட இல்லை. வேலியோரம் ‘குட்டியானை’ சரக்கு வண்டியின் டயர்த் தடம்.

“கடைசியா எப்ப தண்ணி விட்டீங்க?”

“நேத்து சாயங்காலம் மேடம். புள்ள மாதிரில்லா வளர்க்கோம்!” என்றார் ஸ்ரீகுமார்.

“ஆடு?”

“அதுக்குப் பொறவு, ராத்திரி. வாட்ச்மேன் கண்ணால பாத்திருக்காரு.”

“மரம் நட்டதுக்கு விருது குடுக்க இன்னைக்குக் குழு வருதாமே?”

“பத்து மணிக்கு இங்க. மத்தியானம் ஆழ்வார்குறிச்சியில உள்ள எங்க தோப்புக்கு.”

“ஒரே நாள்லயா?”

“இந்தத் தடவை அப்படித்தான்.”

முஃபீதா ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். ஒன்பதரைக்குப் பதில் வந்தது. கேட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஆட்டை அவுத்து விடுங்க. மருதங்கன்னுகளைக் கடத்துனது ஸ்ரீகுமார் சார்.”

“என்ன மேடம் பேசுதீங்க? புழுக்கை கெடக்குல்லா!”

“கெடக்கு. வாழைக்கு உரமா சாக்குல விக்குத காஞ்ச புழுக்கை. அதை வாரி இறைச்ச நீங்க ஆட்டோட காலை மறந்துட்டீங்க. தண்ணி விட்ட சேத்துல என் பூட்ஸ் பதியுது, உங்க செருப்பு பதியுது. ஒரு குளம்புத் தடமாவது இருக்கா? ஆடு பறந்தா வந்துச்சு?”

ஸ்ரீகுமார் சேற்றைப் பார்த்தார்.

“ரெண்டு தோப்புக்கும் உங்ககிட்ட இருக்கது ஒரே செட் செடிதான். நர்சரிப் பையைக்கூடக் கிழிக்காம குழியில எறக்குதீங்க. பொறவு தூக்கிட்டுப் போயி அடுத்த ஊர்ல வைக்கீங்க. அங்க தோண்டிப் பாத்தாச்சு, எல்லாம் பையோட நிக்கி. ஒரே நாள்ல ரெண்டு எடத்தையும் பாக்க வந்தா மாட்டிக்கிடுவீங்க. அதான் ஒரு தோப்பை ஆடு தின்னாகணும். இந்த மரத்தைச் சொல்லித்தானே ஃபாக்டரிப் புகைக்கு ஈடு கட்டியாச்சுன்னு விளம்பரம் போடுதீங்க?”

“ஊரு உலகத்துல செய்யாததா மேடம்? எல்லாம் சும்மா ஒரு படத்துக்குத்தானே...”

இசக்கித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேராக வந்து நின்றாள்.

“மரத்தைப் படத்துக்கு நட்டிய, சரி. ஆத்துத் தண்ணிய மட்டும் நெசமாவே உறிஞ்சுதியளே வே!”