எலும்பக்காவின் பாட்டில்

காலை பத்து மணி. ஸ்கேன் திரையில் எலியின் எலும்புகள் ஒளிர்ந்தன. முதுகின் இருபுறமும் சிறுநீரகங்கள், மூட மறுக்கும் இரண்டு கண்களாக.

“எலும்பக்கா செத்ததுலேருந்து இப்படித்தான் சார்,” என்றார் ஆய்வுக்கூட டைரக்டர். ஓயாமல் எலும்பைப் பற்றியே பேசி அந்தப் பெயரை வாங்கிய விஞ்ஞானி அவள். “கதிர்வீச்சு மருந்து எலும்புக்குப் போகணும். சிறுநீரகத்துல தங்கினா அதைத் தின்னுடும். தங்காம இருக்க அவங்க ஒரு அமினோ அமிலக் கரைசல், புரதத்துண்டு கரைச்ச தண்ணி, கலந்தாங்க. அதை முன்னாடியே போட்டா இந்தக் கண்ணு ரெண்டும் அணைஞ்சிடும். இப்ப அதே பாட்டில், அதே அளவு. பலிக்கல. ஆவின்னு பேசிக்கறாங்க.”

இன்ஸ்பெக்டருக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் புகார் வந்ததும் தானே கிளம்பி வந்திருந்தார். எலும்புப் புற்றோடு அவர் தங்கை இந்த மருந்துக்காகத்தான் காத்திருக்கிறாள். அவளுக்கு இருப்பதே அரைகுறைச் சிறுநீரகம்.

இறந்தவளின் மேசையெங்கும் தூசி. அவள் கையெழுத்துச் சீட்டு ஒட்டிய பாட்டில் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“ஃப்ரிட்ஜுல வைக்கலையா?”

“நகர்த்தவே பயம் சார். மூணு வாரமா இங்கேயேதான். ஊசிக்கு மட்டும் திறப்போம்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்தார்.

“அதுல உக்காராதீங்க,” என்றார் ஸ்கேன்காரர். எலும்பக்காவின் கணவர். தினமும் முதலில் வந்து பூட்டைத் திறப்பவரும் அவர்தான்.

இன்ஸ்பெக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துளி மங்கல் இல்லை.

“வெளியில விட்ட பால் ஒரே நாள்ல திரியுது. புரதத்துண்டு கரைச்ச தண்ணி, திறந்து மூணு வாரமாச்சு. கிருமி தின்னு கலங்கியிருக்க வேணாமா? இது வெறும் உப்புத் தண்ணி டைரக்டர்.” ஸ்கேன்காரர் பக்கம் திரும்பினார். “எதிரின்னா பாட்டிலையே தூக்கி எறிஞ்சிருப்பான். இதைச் செஞ்சவருக்குக் கையெழுத்தை விட மனசில்ல. தினமும் துடைச்சு வெச்சிருக்காரு. ஏன் சார் மாத்துனீங்க?”

ஸ்கேன்காரர் டைரக்டரைக் கை காட்டினார்.

“ஆராய்ச்சிக் கட்டுரையில அவ பேரையே எடுத்துட்டாங்க. அவ இல்லாம இது நடக்காதுன்னு இவங்களுக்குத் தெரியட்டும்னுதான்.”

“இந்த மருந்துக்குக் காத்திருக்கிற என் தங்கச்சியும் இல்லாம போகணுமா?”

டைரக்டர் தலைகுனிந்தார்.

“கொட்ட மனசு வரல,” என்றார் ஸ்கேன்காரர். “வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கு. அவ கலந்தது.”

மாலை ஐந்து மணி. அவள் கலந்ததைப் போட்ட எலியின் எலும்புகள் மட்டுமே திரையில் ஒளிர்ந்தன. கண்கள் மூடியிருந்தன.

“அவங்க பேரு முதல்ல வரணும்,” என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டு, தங்கைக்கு போன் போட இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கதவிடுக்கில் திரும்பிப் பார்த்தார். ஸ்கேன்காரர் மனைவியின் நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.