கொக்காடிக்கு ஒரு முனை

ஓட்டுநர் இல்லாத தானோட்டிப் பேருந்து அன்றைக்கும் கொக்காடியில் நிற்காமல் போனது. சோணைமுத்து வேட்டியை மடித்துக் கட்டி அதை ஊர் எல்லைவரை துரத்திவிட்டு, பாத்திமுத்துவின் டீக்கடைக்குத் திரும்பி வந்து மூச்சிரைத்தார்.

“நம்ம ஊரு அதுக்குக் கண்ணுலயே படாதுண்ணே,” என்றாள் பாத்திமுத்து.

உண்மைதான். அப்போது ‘முனைவேட்டை’ என்ற கைபேசி விளையாட்டின் வரைபடத்தை வைத்துத்தான் பேருந்துகள் ஓடின. ஊரில் விசேஷமான ஒரு பொருளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எங்கெங்கோ இருக்கும் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். தேறினால் அது ‘முனை’. முனையைத் தன் கண்ணாடிக் கண்ணால் சரிபார்த்த பிறகே பேருந்து நிற்கும். முனை இல்லாத ஊர், அதைப் பொறுத்தவரை வெறும் பொட்டல்.

சோணைமுத்துவுக்கோ தலைபோகிற அவசரம். மகள் இருளாயி கபடியில் மாவட்ட இறுதிக்கு வந்துவிட்டாள். மறுநாள் டவுனில் ஆட்டம். அவள் அணியோடு முன்பே போய்விட்டாள்; ஊர்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பாத்திமுத்து ஏற்கெனவே அய்யனாரின் மண்குதிரையை அனுப்பியிருந்தாள். ‘இதே குதிரையை வேறு ஊரில் பார்த்தேன்’ என்று தள்ளிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ‘அழகில்லை’ என்று பதில் வந்தது. மிச்சமிருந்தது, அந்தக் காலத்தில் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட ரோட்டோரச் சுமைதாங்கிக் கல்தான்.

சனிக்கிழமையாதலால் சோணைமுத்து உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் பூசி, கோவணத்தோடு வெயிலில் ஊறிக்கொண்டிருந்தார். பாத்திமுத்து கைபேசியோடு போவதைப் பார்த்ததும் ஓடிவந்து கல்லின்மேல் ஏறிக்கொண்டார்.

“கல்லு எம்புட்டு உசரம்னு தெரிய வேணாமா? எடு தாயி!”

கொக்காடியில் போட்டோ என்றால் மூச்சடக்கி, முழியை விரித்து, விறைத்து இருப்பதுதான் மரியாதை. சோணைமுத்து விறைத்த விறைப்பில் ஒரு காக்கை நம்பி அவர் தலையில் உட்கார்ந்தது.

டீ ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. ஏகமனதாகத் தேர்வு! ஊரே ஆடியது. சாயங்காலப் பேருந்து வந்தது, வேகம் குறைத்தது, கல்லைப் பார்த்தது, போய்விட்டது.

பாத்திமுத்து திரையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். “‘அபூர்வமான கருங்கல் சிலை. மீசையில் ஒவ்வொரு முடியும் செதுக்கியிருக்கிறார்கள்.’ அண்ணே... கல்லுக்கு இல்ல, உங்களுக்குத்தான் ஓட்டு விழுந்திருக்கு.”

சோணைமுத்து குளித்துச் சட்டை போட்டு, நான் மனிதன் என்று வேறு படம் அனுப்ப வைத்தார். அதற்கும் உடனே பதில் வந்தது: ‘சிலை அசல். இந்த ஆள்தான் போலி.’

வேறு வழியில்லை. ஞாயிறு காலை எண்ணெய் பூசி மறுபடி ஏறி உட்கார்ந்தார். சட்டையும் வேட்டியும் மனைவி குருவம்மாள் பையில் தயாராக இருந்தன. பேருந்து வந்தது. பார்த்தது. நின்றது! விசில் பறந்தது. ஊர் சனம் முண்டியடித்து ஏறியது. கடைசி ஆள் ஏறியதும் சோணைமுத்து குதித்து உள்ளே பாய்ந்தார்.

கதவு மூடியது. வண்டி நகரவில்லை.

“சிலைக் கடத்தல்,” என்றது பேருந்து, அமைதியாக. “சிலையை எடுத்த இடத்தில் வைத்தால் வண்டி புறப்படும்.”

“நான் மனுசன்டா!”

“பேசும் சிலை,” என்றது பேருந்து. “குறிப்பில் சேர்க்கப்பட்டது.”

எல்லோரும் குருவம்மாளைப் பார்த்தார்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பிள்ளைக்கு ஆட்டம் ஆரம்பிச்சுரும். ஆளுக்கொரு பக்கம் பிடிங்கய்யா!”

எண்ணெய் வழுக்கியது. என்றாலும் பத்திரமாகத் தூக்கிப்போய்க் கல்லின்மேல் வைத்துவிட்டு, ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். “இருளாயி! இருளாயி!” என்ற கூச்சலோடு பேருந்து கிளம்பியது. சோணைமுத்து கோபத்தில் இறங்க ஒரு காலை நீட்டினார்.

ஜன்னலிலிருந்து குருவம்மாள் தலையை நீட்டிக் கத்தினாள்:

“அசையாதீக! திரும்பி வாறப்ப நாங்க இறங்கணும்ல!”