ஷஹத் வைத்த புள்ளிகள்

நுசைபா எனக்குச் சுவரைக் காட்டியபோது பிற்பகல் அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. வளைகுடாவில், சீப் என்ற ஊரில், கடலை ஒட்டிய புது வீடு. அவளுடைய நாலு வயது மகள் ஜுமானுக்குத் தனி அறை. குழந்தைகள் அறைக்குப் படம் வரைந்து அச்சிட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எல்லோரும் முதலில் யானை கேட்பார்கள், பிறகு திரைச்சீலையோடு சேரவில்லை என்று யானையை விரட்டிவிடுவார்கள். நுசைபா அப்படி அலைக்கழிக்கவில்லை. பாதிச் சூரியன், முக்கோணங்களால் ஆன பேரீச்சை மரம், வட்டத் தலையும் மஞ்சள் கவுனுமாக ஒரு சிறுமி. கஹ்வாக் காப்பி ஆறுவதற்குள் மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

"உம்மு ஷஹத், இந்தப் பொண்ணுக்கு மட்டும் முகம் வேணாம். தொழுற வீடு பாருங்க, முகம் உள்ள படம் ஆகாது. கண்ணையும் வாயையும் எடுத்துடுங்க," என்றாள். உம்மு ஷஹத் என்றால் ஷஹத்தின் அம்மா; இங்கே தாயைப் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

முகம் வேண்டாம் என்பது இங்கே பலரும் கேட்பதுதான். எத்தனையோ முகங்களை அழித்திருக்கிறேன். ஆனால் இந்தச் சிறுமிக்குக் கண்ணாக இரண்டு கறுப்புப் புள்ளிகளையும் வாயாக ஒரு வளைவையும் திரையில் விரலால் வைத்தது என் மகள் ஷஹத். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே வைத்தாள். ஒரு கண் சற்று மேலே ஏறியிருக்கும். மறுவாரம் அவளை அடக்கம் செய்தோம். அந்தப் படத்தை மூன்று வருடமாக யாருக்கும் விற்றதில்லை. அன்று எப்படியோ மற்ற படங்களோடு கலந்து கிடந்திருக்கிறது.

ஒரு பிரதி எடுத்து, முகத்தை அழித்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டு வந்தேன்.

பத்தாம் நாள் நுசைபா கூப்பிட்டாள். முகம் உள்ள படத்தை மாற்றி மாட்டிவிட்டேனா என்று கேட்டாள். உடனே வரச் சொன்னாள்.

பட்டப்பகல். அறைக்குள் மருந்து வாடை. ஏ.சி.யின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை.

படத்தில் கண்கள் இருந்தன.

புள்ளிகள் அல்ல. இமை முடியோடு, ஈரத்தோடு, பழுப்புக் கண்கள்.

ஜுமான் கட்டிலில் பொம்மையைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். பொம்மை அவள் மடியிலேயே கிடந்தது. மூன்று நாளாகப் பார்வை இல்லை, ஆனால் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள் என்று நுசைபா சொன்னாள்.

குழந்தை கிசுகிசுத்தாள்.

"அவ கண்ணைக் காணோம்னு அழுதா. நான் குடுத்தேன். அவளோடது வந்ததும் திருப்பித் தந்துடுவாளாம்."

நுசைபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முகம் இருந்துட்டுப் போகட்டும், உம்மு ஷஹத். அந்தப் பழைய படத்தையே குடுங்க. எம் பொண்ணுக்குக் கண்ணு வந்தாப் போதும்."

இன்றே அச்சிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, மாட்டியிருந்ததைக் கழற்றிக் காரில் வைத்து எடுத்து வந்தேன். சத்தியமாக, அச்சிடத்தான் வந்தேன்.

படத்தை என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். ஷஹத் வைத்த புள்ளிகள் பத்திரமாக இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

திரும்பினேன். கண்கள் என்னையே பார்த்தன.

எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தேன். அவையும் கூடவே நகர்ந்தன.

ஒன்று சற்று மேலே ஏறியிருந்தது.

மூன்று வருடமாக என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. நாளைக்கு அச்சிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். இயந்திரம் பழுது என்று நுசைபாவிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

நான்காம் நாள் காலை அவள் மறுபடி கூப்பிட்டாள். ஜுமான் விடிந்ததிலிருந்து பேசவில்லை, உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை என்று அழுதாள்.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"உம்மா."

குரல் ஜுமானுடையது. கூப்பிட்ட விதம் என் மகளுடையது.

நுசைபா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, ஷஹத்தின் புள்ளிகள் இருந்த ஒரே கோப்பைக் கணினியிலிருந்து அழித்தேன்.